ஆசிரியருக்குத் துணையா? ஆசிரியருக்குப் பதிலா?

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் கமக்காரன் எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே அளவாக நீர் விடுவதில்லை. மேட்டுப் பாத்தி எது, பள்ளப் பாத்தி எது, நேற்று நட்ட கன்று எது, முற்றிய பயிர் எது என்பதைக் கண்ணாற் கண்டு, மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பி, வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவு நீரை விடுகிறான். இந்த எளிய அறிவை உலகத்துப் பெரும் பல்கலைக்கழகங்கள் தங்கள் விரிவுரை மண்டபங்களிலே நெடுங்காலம் கைக்கொள்ளவில்லை. நூற்றுக்கணக்கான மாணவரை ஒரே மண்டபத்தில் இருத்தி, ஒரே விரிவுரையை ஒரே வேகத்திற் பொழிந்துவிட்டு, பள்ளத்திற் கிடந்தவன் மூழ்கினானா, மேட்டில் நின்றவன் வாடினானா என்று பாராது, இறுதியிற் சோதனை வைத்துச் சித்தியடைந்தவன், தவறியவன் எனப் பிரித்துவிடுவதே வழக்கமாயிற்று.

இந்த வழக்கத்தை மாற்ற வந்ததெனப் பறைசாற்றப்படுவதே, மாணவனுக்கேற்ப மாறிச் செல்லும் கணினிப் பாடநெறி. ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகளில் உயிரியல், இரசாயனம், உளவியல் முதலிய தொடக்கப் பாடங்களுக்குள் இது பரவலாகப் புகுந்துள்ளது. மாணவன் ஒரு வினாவுக்கு விடையளிக்கிறான். அவ்விடையைக் கொண்டு அவன் எதை அறிவான், எதை அறியான் எனக் கணினி கணிக்கிறது. அடுத்த பாடத்தை அதற்கேற்பத் தெரிந்து கொடுக்கிறது. இரசாயனக் கணக்கிலே தவறியவனுக்கு உண்மையிற் குறை விகித சமத்திலே இருக்கலாம். அதனைக் கண்டு அவனை அந்த அடிப்படைக்கே திருப்பி அனுப்பிப் பின்னர் மேலேற்றுவதே இதன் நோக்கம். எந்த அறிவு எந்த அறிவுக்கு முற்படவேண்டும் என்பதை வரைபடம்போல் வகுக்கும் கணிதக் கோட்பாட்டை டுவானியோன், பால்மாஞ் என்னும் இருவர் 1985இல் வெளியிட்டனர். அதன் வழியே கலிபோர்ணியாவின் ஏர்வைன் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான அலெக்ஸ் என்னும் பாடநெறி இன்று கணிதத்திலும் இரசாயனத்திலும் வழங்கி வருகின்றது.

இதனை நாம் எதிர்க்கவில்லை. பொறி என்றாலே அஞ்சுவது பகுத்தறிவுக்குப் பொருந்தாது. ஆனால், இது யாருக்காக வந்தது, இதற்கான பணத்தை யார் கொடுப்பது, இது வந்தபின் ஆசிரியர் எங்கே நிற்பது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பாமல் இதனை வாழ்த்தி வரவேற்கவும் நாம் ஆயத்தமாக இல்லை.

பழைய கதையும் அதன் பாடமும்

இது நேற்றுப் பிறந்த புதுமையன்று. 1920களிலேயே ஒகாயோ அரசுப் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் சிட்னி பிரெசி, வினாவைக் காட்டி விடையைத் தானே திருத்தும் பொறியொன்றை அமைத்தார். 1953இல் ஹாவர்ட் பேராசிரியர் ஸ்கின்னர் தம் மகளின் கணித வகுப்பைப் பார்க்கச் சென்றார். தம் விடை சரியோ பிழையோ என்று அறியாமலே பிள்ளைகள் அடுத்த கணக்குக்குச் செல்வதைக் கண்டு மனம் நொந்தார். கற்பிக்கும் பொறியை உருவாக்கினார். அப்பொறியில் மாணவன் தன் வேகத்திற் செல்லலாம். பாதையோ எல்லோர்க்கும் ஒன்றே. பிழைவிட்டவனை வேறு பக்கத்துக்கு அனுப்பி அவன் பிழையை விளக்கும் கிளைவழி முறையை அதே காலப்பகுதியில் நோர்மன் கிரௌடர் வகுத்தார். இன்றைய பாடநெறி இவ்விருவர்க்கும் பேரப்பிள்ளை எனலாம்.

இவர்களினும் நம் கவனத்துக்குரியவர் உளவியற் பேராசிரியர் பிரெட் கெலர். பிறேசில் நாட்டுத் தலைநகரிலே 1964இல் அவரும் அவர் துணைவரும் உளவியல் வகுப்பொன்றைப் புது முறையில் நடத்தினர். பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியை ஐயமறக் கற்றபின்னரே அடுத்ததற்குச் செல்லலாம் என விதித்தனர். தவறினால் தண்டனையில்லை, மீண்டும் கற்று மீண்டும் சோதனைக்கு அமரலாம். இத்தனைக்கும் அங்கே கணினி இல்லை. தாளும் எழுதுகோலும், முன்னர் அப்பாடத்தைக் கற்றுத் தேறிய மூத்த மாணவருமே கருவிகள். அந்த மூத்த மாணவன் இளையவனருகே அமர்ந்து விடையைத் திருத்தி, ஏன் பிழைத்தாய் என்று கேட்டு விளக்குவான். ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கிய அறிஞர் 1979இல், இம்முறையிற் பயின்றோர் விரிவுரை கேட்டோரைவிட நன்கு கற்றனர் என்று முடிவு கூறினர். ஆயினும் அம்முறை பின்னாளில் மங்கிற்று. அதனை நடத்துவதற்கு மனித உழைப்பு மிக வேண்டும். அந்த உழைப்பைச் செலவு எனக் கண்ட கண்களுக்கு, இன்று கணினி இனிக்கின்றது.

பயன் எங்கே பிறக்கிறது?

இப்பாடநெறிகளிற் பயன் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. அந்தப் பயன் எங்கே பிறக்கிறது என்பதே கேள்வி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலறிஞர் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் பாருங்கள். ஒரு சாரார் படித்த பகுதியை மீண்டும் படித்தனர். மறுசாரார் படித்ததை நினைவிலிருந்து மீட்டு எழுதினர். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது, மீண்டும் படித்தவர் நூற்றுக்கு 42 பங்கையும், மீட்டு எழுதியவர் நூற்றுக்கு 56 பங்கையும் நினைவில் வைத்திருந்தனர். ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகம் இணையவழி நடத்திய உளவியற் பாடநெறியை ஆராய்ந்தவர்கள் 2015இல் இன்னும் தெளிவாகக் கூறினர்: பயிற்சிகளை மிகுதியாகச் செய்வதால் வரும் பயன், காணொளியை மிகுதியாகப் பார்ப்பதாலோ மிகுதியாக வாசிப்பதாலோ வரும் பயனைப்போல ஆறு மடங்குக்கு மேலானது என்பது அவர் கணிப்பு.

எனவே, கற்பவனைக் கற்கச் செய்வது அவன் கையும் மூளையும் ஓயாது உழைப்பதே. வயலிலே நின்று வியர்வை சிந்தாமல், வரம்பிலிருந்து பார்த்தவன் கமக்காரனாகான். கணினி இந்த உழைப்பை வாங்கித் தருமாயின் நன்று. விடையை ஊகித்துச் சொடுக்கி, மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டு ஓடுவதற்கு வழி செய்யுமாயின் அது பழைய விரிவுரையினும் கேடானது.

இனி, அளந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? கேற்ஸ் அறக்கட்டளையின் உதவியுடன் 2013 முதல் 2015 வரை, 14 உயர்கல்வி நிலையங்களில், ஒன்பது வகைப் பாடநெறிகள் கையாளப்பட்டன. 19,500க்கு மேற்பட்ட மாணவர் பங்குகொண்டனர். 2016இல் வெளிவந்த மதிப்பீடு, பெரும்பாலான ஒப்பீடுகளிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், சிலவற்றிற் சிறு நன்மை உண்டு என்றும் காட்டிற்று. ஒரே வகைப் பொறி ஓரிடத்திற் பயன் தந்து வேறோரிடத்திற் பயனற்றுப் போவதேன்? அதனைச் சூழ அமைந்த கற்பித்தல் இடத்துக்கிடம் வேறுபடுவதே அதற்குக் காரணம் என்பது நம் துணிபு.

இதற்கு மறுமொழி கூறுவாரும் உளர். 2012இல் வெளிவந்த ஆய்வொன்றிலே, அரசினர் கல்லூரி வளாகங்கள் ஆறில், புள்ளிவிபரவியல் பயின்ற 605 மாணவரிற் கணினிப் பாடநெறியோடு கற்றவர், வழமையான வகுப்பிற் கற்றவர்க்கு எவ்வகையிலும் பின்னிற்கவில்லை என்பர். உண்மையே. ஆனால் அங்கும் வாரத்துக்கு ஒரு மணிநேரம் ஆசிரியரின் முன் அமர்ந்தே கற்றனர் என்பதை அவர்கள் விழுங்கி விடுகின்றனர். 2023இல் ஹாவர்டின் பௌதிக வகுப்பொன்றிலே 194 மாணவரை வைத்து நடந்த பரீட்சார்த்தத்தில், செயற்கை நுண்ணறிவு ஆசானிடம் கற்றவர் வகுப்பிற் கற்றவரிலும் குறைந்த நேரத்தில் மிகுதியாகக் கற்றனர் என்றும் காட்டுவர். அதுவும் உண்மையே. ஆயின் அந்தப் பொறிக்கு வழிமுறை வகுத்து, வினாக்களுக்குப் படிப்படியான தீர்வுகளை எழுதி ஊட்டியவர்கள் அப்பாடத்தின் ஆசிரியர்களே. ஆசிரியரின் அறிவு அங்கே அகலவில்லை, பொறியினுள்ளே குடிபுகுந்தது. மேலும், கடுந்தேர்வில் வடிகட்டப்பட்ட ஹாவர்ட் மாணவனுக்குப் பொருந்துவது, இரவிலே கடையிற் பணிசெய்து பகலிலே கல்லூரிக்கு வரும் ஏழை மாணவிக்கும் பொருந்துமென்று யார் உறுதி சொல்வது?

யாருடைய மடியிலிருந்து?

அந்த ஏழை மாணவியின் பெயராலேயே இப்பாடநெறிகள் விற்கப்படுகின்றன. முதற் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்தவள் தொடக்க இரசாயனத்திலே தவறிக் கல்வியையே கைவிடுகிறாள். அவளைக் காப்பாற்ற வந்தோம் என்பர். காப்பாற்ற வந்தவரே அவளிடம் கட்டணமும் கேட்கின்றனர்! முன்னர் மூத்த மாணவனிடம் பழைய நூலை அரை விலைக்கு வாங்கலாம். படித்தபின் இளையவனுக்கு விற்கலாம். இன்று வீட்டுப் பயிற்சியும் மதிப்பெண்ணும் பாடநெறிக்குள்ளே பூட்டப்பட்டிருக்குமிடத்து, அதற்கான அனுமதிக் குறியீட்டை அவள் புதிதாகவே வாங்க வேண்டும். தவணை முடிந்ததும் அது காலாவதியாகும். நூலுமில்லை, விற்பதற்குப் பொருளுமில்லை. பணம் திரளும்வரை முதல் வாரங்களின் பயிற்சியை இழப்பவள், பந்தயம் தொடங்கு முன்னரே பின்தங்கி விடுகிறாள்.

கொம்பனிகளின் ஆயுளும் நிலையானதன்று. 2008இல் தோன்றி, 2011இல் அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்துக் கணித வகுப்புகளுக்குள் புகுந்து, கல்வியையே புரட்டிவிடுவோம் என்று முழங்கிய நியூட்டன் என்னும் கொம்பனி, 2019இல் வைலி என்னும் பதிப்பகத்தின் கைக்குப் போயிற்று. மாணவர் விட்ட பிழைகள், அவர் தயங்கிய கணங்கள், அவர் கண்விழித்த இரவுகள் எல்லாம் இப்பொறிகளிற் பதிவாகின்றன. கடையோடு சேர்த்துக் கணக்கேடும் கைமாறுவது வணிக வழக்கு. ஒரு மாணவியின் அறியாமையின் கணக்கேடு அவ்வாறு கைமாறலாமா?

இன்னுமொன்று. பொறிக்கு எண்ணத்தக்கதே புலப்படும். கலப்பிரிவின் படிகளை மாணவி ஒழுங்காகச் சொன்னாளா என்று அது அறியும். நுணுக்குக்காட்டியின் கீழ் அவள் கண்டது என்ன, ஓர் உளவியல் ஆய்வின் முடிவை ஐயுற அவள் கற்றாளா என்பதை அவளருகே நிற்கும் ஆசிரியரே அறிவார். மூன்று நாளாக அவள் பாடத்தைத் திறக்கவில்லை என்று பொறி சொல்லும். அவள் தந்தை நோயுற்றார் என்பதை ஆசிரியரே கேட்டறிய வேண்டும்.

நம் கோரிக்கை

ஆகவே நாம் கூறுவது இதுதான். பொறி கண்டுபிடித்துத் தரும் குறையை ஆசிரியர் கைக்கு உடனே சேர்த்து, அவர் மிச்சப்படுத்திய நேரத்தை மாணவனருகே அமர்வதற்குக் கொடுங்கள். அந்த நேரத்தைக் காட்டி ஆசிரியர் தொகையைக் குறைக்காதீர்கள். பாடநெறியின் விலையைக் கல்லூரியே ஏற்கட்டும். மாணவனின் மடியில் அதனைக் கட்டாதீர்கள். மாணவனின் பதிவுகள் கல்லூரியின் பொறுப்பிலே இருக்கட்டும். கொம்பனியின் சொத்தாக வேண்டாம்.

கடல் கடந்த நாட்டுக் கல்லூரிக் கணக்கு நமக்கேன் என்று வாசகர் கேட்கலாம். நம் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழிலே விஞ்ஞானம் கற்றுப் பல்கலைக்கழகத்து விஞ்ஞான பீடத்திற் புகுந்ததும் ஆங்கிலத்தை எதிர்கொள்கின்றனர். இப்பாடநெறிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலே ஆக்கப்பட்டவை. வினாவின் மொழி விளங்காமல் தடுமாறியவனை, விஞ்ஞானம் விளங்காதவன் என்று எண்ணி, அவன் பன்னிரண்டாம் வயதிற் கற்ற பாடத்துக்கே பொறி திருப்பி அனுப்புமாயின், அது அவனுக்கு அறிவூட்டுமா, அவமானமூட்டுமா? 1945 முதல் இலவசக் கல்வியை உரிமையாகப் பெற்ற மக்கள் நாம். அனுமதிக் குறியீட்டின் விலை என்னும் சிறு துவாரத்தின் வழியே அவ்வுரிமை ஒழுகிப்போக விடலாகாது. இவை நம் வாயிலுக்கு வரும் நாளில், தமிழிலே ஆக்கித் தாருங்கள், விலையை மாணவனிடம் கேளாதீர்கள், ஆசிரியரை அகற்றாதீர்கள் என்று கேட்கும் தெளிவு நமக்கு இன்றே வேண்டும்.

துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. கமக்காரன் அதனை வரவேற்றான். அவன் முதுகு நிமிர்ந்தது. ஆயினும் இயந்திரத்தை முடுக்கிவிட்டு வீட்டிற் படுத்துறங்கியவன் தோட்டத்திலே பயிர் விளையவில்லை. பாத்திக்குப் பாத்தி நீரை மாறிவிட ஓர் ஆள் மண்வெட்டியோடு நின்றே ஆகவேண்டும்.