நெட்டில் இருக்கிறது என்று எடைக்குப் போடாதீர்கள்

வீடு மாறும்போது, வெள்ளையடிக்கும்போது, பெரியவர் ஒருவர் காலமாகிக் காரியமெல்லாம் முடிந்து அவருடைய அலமாரியைத் திறக்கும்போது, நம் வீடுகளில் தவறாமல் கேட்கும் பேச்சு இது: “இதையெல்லாம் எதுக்கு வெச்சிருக்கணும்? எல்லாம்தான் நெட்டுல இருக்கே.” சற்று நேரத்தில் பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நிற்பார். ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டி, வரிசை குலையாமல் அடுக்கி வைத்த ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’, ‘சயின்ஸ் டுடே’, ‘கலைக்கதிர்’, ‘பேசும் படம்’, ‘முத்து காமிக்ஸ்’ கட்டுகள் கிலோக் கணக்கில் இறங்கிப் போகும். போட்டவருக்கு மனம் உறுத்தாது. அதுதான் நெட்டில் இருக்கிறதே!

எடைக்குப் போடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு அறை வாடகை வீட்டில் நாற்பது வருட இதழ்களை எங்கே வைப்பது? கரையானும் ஓதமும் சேர்ந்த பரணில் அவற்றை யார் காப்பாற்றுவது? எல்லாராலும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்தைச் சாக்காக வைத்து, பிரித்துப் பார்க்காமல், எழுதி வைக்காமல், யாரையும் கேட்காமல் தள்ளிவிடுகிறோமே, அதைத்தான் கண்டிக்கிறேன். அந்த வாக்கியம் தவறு. பெரும்பாலும் அதைச் சொல்பவர் ஒரு முறைகூடத் தேடிப் பார்க்காமல் சொல்வது.

முதலில் ஒன்றைக் கேட்போம். நெட்டில் இருப்பதாகச் சொல்லும் பழைய இதழ் அங்கே எப்படி வந்தது? யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் வந்தது. பத்திரிகையை அச்சிட்ட நிறுவனம் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்புகிறோம். நிறுவனங்கள் கைமாறுகின்றன, மூடப்படுகின்றன, கிடங்கைக் காலி செய்கின்றன.

2005-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கணினிச் சில்லில் அடங்கும் உறுப்புகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்ற, ‘மூரின் விதி’ என்று இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடப் படிக்கும் கருத்தை, பின்னாளில் இன்டெலை நிறுவியவர்களில் ஒருவரான கார்டன் மூர் முதன்முதலாக எழுதியது ‘எலக்ட்ரானிக்ஸ்’ என்ற அமெரிக்கத் தொழில்துறை இதழில், 1965 ஏப்ரல் 19 தேதியிட்ட பிரதியில். நாற்பது ஆண்டு நிறைவுக்கு அந்த இதழ் வேண்டும் என்று இன்டெல் நிறுவனம் தேடியது. மூர் தம் சொந்தப் பிரதியை யாருக்கோ இரவல் கொடுத்து இழந்திருந்தார். நல்ல நிலையில் ஒரு பிரதி தருபவருக்கு 10,000 டாலர் என்று இன்டெல் அறிவித்தது. அறிவிப்பு வந்ததும் நூலகங்கள் பதறித் தங்கள் பிரதிகளைத் தேட ஆரம்பித்தன. இலினாய் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி காணாமலே போனது. கடைசியில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு பொறியாளர் தம் வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் போட்டு வைத்திருந்த பழைய இதழ்களில் அது கிடைத்தது. கணினிச் சில்லுகளைச் செய்யும் நிறுவனத்திடம் இல்லாதது, எழுதியவரிடமே இல்லாதது, ஒரு தனி மனிதர் வீட்டில் இருந்தது.

“கட்டுரை எங்கும் தொலைந்துவிடவில்லையே, இதழ்தானே கிடைக்கவில்லை” என்று கேட்பார்கள். சரியான கேள்வி. பதில் சொல்வதற்கு முன் இன்னொரு சாக்கையும் தீர்த்துவிடுவோம்: “இதெல்லாம் பொழுதுபோக்குப் புத்தகம்தானே, வரலாறா?” வரலாறுதான். தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களைப் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிலைத்து நிற்கும்படி வைக்கலாம் என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் விளக்கி எழுதியது, ரேடியோ பொறியாளர்களும் ரேடியோ பித்தர்களும் வாங்கிப் படித்த ‘வயர்லெஸ் வேர்ல்டு’ 1945 அக்டோபர் இதழில். ஆல்டேர் 8800 என்ற கணினியை அட்டையில் போட்ட ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ 1975 ஜனவரி இதழை ஹார்வர்டு சதுக்கத்துப் பத்திரிகைக் கடையில் பார்த்து வாங்கி, பால் ஆலன் பில் கேட்ஸிடம் ஓடினார். அதிலிருந்து மைக்ரோசாஃப்ட் பிறந்தது. அந்த அட்டையில் இருந்தது உண்மையான கணினிகூட இல்லை. அசல் மாதிரி வழியில் தொலைந்துபோனதால், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பெட்டியைப் படம் பிடித்துப் போட்டார்கள். வீட்டு மேஜையில் சால்டரிங் அயனோடு உட்கார்ந்தவர்களின் பத்திரிகை அது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். கட்டுரை இருந்தால் போதாதா? போதாது. ஏனென்றால் இதழ் என்பது கட்டுரைகளின் மூட்டை அல்ல. மார்ச் இதழில் ஒரு ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட் வந்திருக்கும். மே இதழில், வாசகர் கடிதங்களுக்குக் கீழே, நான்கு வரியில் ஒரு திருத்தம் வந்திருக்கும்: டயோடு தலைகீழாக வரையப்பட்டுவிட்டது, இத்தனாம் எண் கெபாசிட்டரின் மதிப்பு தவறு, பொறுத்தருள்க. மார்ச் கட்டுரையை மட்டும் யாரோ ஸ்கேன் செய்து போட்டிருந்தால் அதைப் பார்த்துக் கட்டுபவர் டிரான்சிஸ்டரை எரித்துக்கொள்வார். திருத்தம் எங்கே இருக்கிறது என்பது முழு வரிசையும் கையில் இருப்பவருக்குத்தான் தெரியும். சில பிரதிகளில் இதற்கும் மேலே, உரிமையாளர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்: ‘கட்டிப் பார்த்தேன், இரைச்சல் வருகிறது, சி3 மாற்றினால் சரி.’ அந்தப் பென்சில் எழுத்து உலகில் அந்த ஒரு பிரதியில் மட்டும்தான் இருக்கிறது.

விளம்பரங்களும் அப்படித்தான். 1970-களில் ஒரு ஐசி என்ன விலை விற்றது, சென்னை ரிச்சி தெருவில் என்ன கிடைத்தது, எதைத் தபாலில் வரவழைத்தார்கள் என்பதை எந்தக் கட்டுரையும் சொல்லாது. விளம்பரப் பக்கம்தான் சொல்லும். நூலகங்கள் வால்யூம் கட்டும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கழித்துவிடுவது பல நாடுகளில் பழக்கமாக இருந்தது. நம் வீடுகளில் தொடர்கதையை மட்டும் கிழித்துத் தனியாக பைண்டிங் செய்தோம். கதை தப்பியது, வார இதழ் செத்தது. அப்படிக் கழித்த வால்யூமை ஸ்கேன் செய்தால் கழித்தது நெட்டில் எங்கிருந்து முளைக்கும்?

ஸ்கேன் என்றால் அச்சு அசல் என்று நம்புவதும் ஆபத்து. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். வெவ்வேறு பரப்பளவு கொண்ட அறைகளுக்கு ஒரே எண் வந்திருந்தது. கோப்பின் அளவைக் குறைக்க, ஒன்றுபோல் தெரியும் எழுத்துருவங்களை ஒரு முறை மட்டும் சேமித்து எல்லா இடத்திலும் அதையே ஒட்டும் ஜேபிக்2 என்ற சுருக்க முறைதான் காரணம். 6 இருந்த இடத்தில் 8 வந்தது. மங்கலாக வந்தால் சந்தேகப்படுவோம். அது தெளிவாக, அச்சில் வந்ததுபோலவே வந்தது. பிடிஎஃப் கோப்புகளிலும் இந்தச் சுருக்க முறைக்கு இடம் உண்டு. எண்களே உயிராக இருக்கும் சர்க்யூட் படத்தில் ஒரு ரெசிஸ்டரின் 6, 8 ஆகிப்போனால் யார் கண்டுபிடிப்பது? மூலத்தாளோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அந்தத் தாளைத்தான் நாம் எடைக்குப் போட்டுவிட்டோம்.

தமிழ் இதழ்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஸ்கேன் செய்து போட்டதெல்லாம் படம்தான். உள்ளே இருக்கும் சொல்லைத் தேட வேண்டுமானால் கணினி எழுத்தை அடையாளம் கண்டிருக்க வேண்டும். 1978-இல் அரசு ஆணையால் மாறிய ணை, லை, னை, றா, னா போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களில், தேய்ந்த ஈய அச்சில், நியூஸ்பிரிண்ட் தாளில் வந்த இதழ் என்றால் கணினி தடுமாறும். ஆக, இதழ் நெட்டில் இருந்தாலும் ‘1962 மார்ச்’ என்ற பெயரோடு ஒரு கோப்பாகத்தான் கிடக்கும். எந்த மாத இதழ் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். தெரியாதவருக்கு அது இருந்தும் இல்லாததே.

“தாள் எப்படியும் பொடியாகப் போவதுதானே” என்பது அடுத்த வாதம். அமெரிக்க நூலகங்கள் இதையே சொல்லிப் பழைய நாளிதழ்களை மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டு மூலத்தைத் தள்ளின. பக்கத்தின் மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பார்ப்பார்கள். சில மடிப்பில் உடைந்தால் அந்தத் தாளுக்கு ஆயுள் முடிந்தது என்று தீர்ப்பு. நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் 2001-இல் ‘டபுள் ஃபோல்டு’ என்ற நூலில் இதை உரித்துக் காட்டினார். பக்கத்தை யாரும் மூலை மடித்துப் படிப்பதில்லை, புரட்டித்தான் படிக்கிறோம். அந்தச் சோதனையில் தோற்ற தாளை இன்னும் பல காலம் படிக்கலாம் என்றார். வண்ணத்தில் அச்சான ஞாயிறு மலர்கள் ஃபிலிமில் கறுப்பு வெள்ளையாகிப் போனதையும் காட்டினார். பிரிட்டிஷ் நூலகம் கழித்துவிட்ட அமெரிக்க நாளிதழ் தொகுதிகளைத் தாமே முன்னின்று வாங்கிக் காப்பாற்றினார். அவை இன்று டியூக் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நம் இதழ்கள் மஞ்சளாவது மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் மாறுவதால். ரப்பர் பேண்டைக் கழற்றி, சுவரை ஒட்டாமல், வெயில் படாமல், படுக்கவைத்து அடுக்கி, இராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது பார்த்தால் அவை நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

நெட் அப்படி இருக்குமா? உலகின் மிகப் பெரிய இலவச மின்நூலகங்களில் ஒன்றான இன்டர்நெட் ஆர்க்கைவ், 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் நாட்கணக்கில் முடங்கியது. பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கால் ஐந்து லட்சம் புத்தகங்களுக்கு மேல் அதன் இரவல் பட்டியலிலிருந்து போயின. ஒரே இடத்தில் இருக்கும் எதுவும் பத்திரமில்லை என்று யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981 நமக்குச் சொல்லவில்லையா? ஈழத்து எழுத்துகளை ‘நூலகம்’ என்ற நிறுவனம் இன்று மின்வடிவில் சேர்க்கிறது என்றால், யார் வீட்டிலோ பிரதிகள் எஞ்சியிருந்ததால்தான் சேர்க்க முடிகிறது. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா, மற்றவர்கள் குப்பை என்று நினைத்த இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் அது ஆய்வு நூலகமாகி இன்று தரமணியில் இருக்கிறது. தமிழ் அச்சின் வரலாற்றை எழுதும் ஆய்வாளர் பலரும் அதன் வாசலை மிதிக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது எதிர்த்தரப்பையும் விட்டுவிட முடியாது. “நான் ஒரு தாளைக்கூடத் தூக்கிப்போட மாட்டேன்” என்று பெருமையாகச் சொல்லி, பரண் முழுக்க அடைத்து, என்ன இருக்கிறது என்று தாமே அறியாமல் வைத்திருப்பவரும் அதே தவறைத்தான் செய்கிறார். பட்டியல் இல்லாத சேகரிப்பை அவர் காலத்துக்குப் பிறகு வீட்டார் எடைக்குத்தான் போடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

ஆகவே பட்டியல்தான் முதல் வேலை. ஒவ்வொரு இதழின் அட்டையையும் பொருளடக்கப் பக்கத்தையும் செல்பேசியில் படம் எடுங்கள். நூறு இதழ் என்றால் ஒரு பிற்பகல் வேலை. நேரம் இருந்தால் எக்செல் தாளில் ஒரு கட்டுரைக்கு ஒரு வரி: இதழ், மாதம், ஆண்டு, பக்கம், தலைப்பு, எழுதியவர், பொருள். திருத்தம் வந்த இதழைத் தனிப் பத்தியில் குறியுங்கள். டிரான்சிஸ்டர் என்று ஓரிடத்தில், ட்ரான்ஸிஸ்டர் என்று இன்னோரிடத்தில் எழுதினால் தேடும்போது பாதி கிடைக்காது. ஒரே எழுத்துமுறையை வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன இதழ்களையும் எழுதுங்கள். எதையும் கிழிக்காதீர்கள். பட்டியலை நூலகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் அனுப்புங்கள். உதிரி இதழ் ஒரு மூட்டை என்றால் யாரும் வாங்க மாட்டார்கள். தங்கள் வரிசையில் விட்டுப்போன 1974 ஜூலை உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தால் தேடி வருவார்கள். அதற்குப் பிறகும் யாருக்கும் வேண்டாதது மிஞ்சினால் தாராளமாக எடைக்குப் போடுங்கள். அப்போது எதைப் போடுகிறோம் என்று தெரிந்து போடுகிறீர்கள்.

“எல்லாம் நெட்டில் இருக்கிறது” என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அந்தக் கட்டிலிருந்தே மூன்று இதழ்களை உருவி அவர் கையில் கொடுங்கள். அட்டை முதல் அட்டை வரை, விளம்பரம் உட்பட, எண்கள் தெளிவாக, இந்த மூன்றையும் இப்போதே காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அவர் சொல்வதைக் கேட்கலாம். காட்ட முடியாவிட்டால், பேப்பர்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பட்டியல் போட அவரையும் கூட உட்கார வையுங்கள்.