பேக்கட் டிரேசரில் பச்சை எரிந்தால் போதுமா?



பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு வாப்பா கேட்டார்: "சேர், நெட்வேர்க் பாடம் முழுக்க இப்ப சொப்ட்வெயாரிலேயே செய்யலாமே, லேப்புக்கு எதுக்கு வயரும் பெட்டியும்?" கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அந்தப் பணம் ஸ்மார்ட் போர்டுக்குப் போகப் பார்க்கிறது. ஐசிடி படிப்பிக்கும் எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்று கூட்டத்தில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, இங்கே எழுதுகிறோம்.

சிஸ்கோவின் பேக்கட் டிரேசரை நாங்கள் குறை சொல்லவில்லை. இலவசம். உயர்தரப் பிள்ளை சப்நெட் பிரித்துப் பழகவும், ஒரு பேக்கட் எந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று கண்ணால் காணவும் அதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது. ஆனால் அது உண்மையான ரவுட்டர் அல்ல. ரவுட்டரைப் போல நடிக்கிற ஒரு மென்பொருள். சிஸ்கோ கட்டளைகளில் ஒரு பகுதிதான் அதில் வேலை செய்யும். ஜிஎன்எஸ்3 இன்னும் கிட்ட வரும், ஏனென்றால் ரவுட்டருக்குள் ஓடும் அதே மென்பொருளை அதில் ஓட்டலாம். அதிலும் வயர் கிடையாது.

வயரில்தான் கதையே இருக்கிறது. லேப்பிலிருந்து மேல்மாடி நூலகத்துக்கு எங்கள் பிள்ளைகள் ஒரு கேபிள் இழுத்தார்கள். இரண்டு முனையிலும் எட்டுக் கம்பிகளையும் சோடி சோடியாக, பார்வைக்கு அழகாக அடுக்கி கிரிம்ப் பண்ணினார்கள். லைட் எரிந்தது. "சேர், பிங் போகுது!" என்று ஒரே சந்தோசம். ஒரு பெரிய வீடியோவை கொப்பி பண்ணப் போனால் நகரவே இல்லை. ஒரு சோடி 3ஆம், 6ஆம் பின்களுக்குப் போகவேண்டும். இவர்கள் 3க்கும் 4க்கும் போட்டிருந்தார்கள். சோடி பிரிந்தால் ஒரு கம்பியின் சிக்னல் மற்றதில் கலக்கும். இந்தப் பிழையை பேக்கட் டிரேசரில் செய்யவே முடியாது. அங்கே கேபிளைத் தெரிவு செய்து கிளிக் பண்ணினால் முடிந்தது. அன்று பின்னேரம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைகள் அதை இனி மறக்கமாட்டார்கள்.

இது எங்கள் பாடசாலைக் கதை மட்டுமல்ல. சாலி ஃபுளோய்ட், வேர்ன் பக்ஸன் என்ற இரண்டு பெரிய ஆய்வாளர்கள் 2001இலேயே இண்டர்நெட்டை சிமுலேட் பண்ணுவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று ஒரு கட்டுரையே எழுதினார்கள். அது அவ்வளவு பலவிதமானது, நிற்காமல் மாறிக்கொண்டும் இருக்கிறது. 2004இல் டேவிட் கொட்ஸ் குழுவினர் வயர்லெஸ் சிமுலேஷன்களின் ஊகங்களை நிஜ அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள். பூமி தட்டை, சிக்னல் வட்டமாகப் பரவும், நான் உன்னைக் கேட்டால் நீயும் என்னைக் கேட்பாய் என்பவைதான் அந்த ஊகங்கள். ஒன்றும் நிஜத்தோடு ஒத்துவரவில்லை. வெள்ளவத்தை பிளட் ஒன்றில் போனில் வைஃபை லிஸ்டைத் திறந்து பாருங்கள், பக்கத்து வீடு, மேல் வீடு என்று இருபது பெயர் வரும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றுதான். கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளின் தடித்த சுவரை எந்த வட்டம் தாண்டும்?

2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதமாக்கி நாட்டின் இண்டர்நெட்டே முடங்கியது. நங்கூரத்துக்கு எந்த சிமுலேட்டரில் பட்டன் இருக்கிறது?

ஸ்மார்ட் போர்டு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அடுத்த வருடம் வாங்கலாம். இப்போது லேப்புக்குத் தேவை இரண்டு கிரிம்பிங் டூல், ஒரு கேபிள் டெஸ்டர், ஒரு பெட்டி கேபிள், ஒரு பக்கட் ஆர்ஜே45. யூனிட்டி பிளாசாவில் ஒரே சுற்றில் எல்லாம் எடுக்கலாம். ஒஃபிஸ்களில் கழற்றிப் போட்ட பழைய சுவிட்ச், ரவுட்டர் இருந்தால், பாதி போர்ட் செத்திருந்தாலும் பரவாயில்லை, எறியாமல் எங்களுக்குச் சொல்லுங்கள். செத்த போர்ட்டைக் கண்டுபிடிப்பதையே முதல் பாடமாக வைத்துக்கொள்கிறோம்.