எல்லையோரச் சிசுவின் இதயம்

காசர்கோட்டுத் தம்பதியரின் 15 நாள் சிசுவுடன் 2019 ஏப்ரல் 16 அன்று மங்களூரிலிருந்து புறப்பட்ட ஆம்புலன்ஸ், சுமார் 400 கிலோ மீட்டரை ஐந்தரை மணி நேரத்தில் கடந்து கொச்சியை அடைந்தது. திருவனந்தபுரம் செல்லவிருந்த குழந்தையை, அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே.சைலஜா தலையிட்டுக் கொச்சியிலேயே சேர்க்கச் செய்தார். கேரள அரசின் 'ஹிருத்யம்' திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்றது.

நாடு வியந்த நிகழ்ச்சிதான். ஆனால் இடுக்கி, பாலக்காடு எல்லையோரச் சிசுக்களுக்கெல்லாம் இப்படிச் சாலையை ஒழித்துத் தர இயலாது.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு இதயக் குறைபாடு உள்ளது. எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. சிறு துவாரங்கள் தாமே மூடிக்கொள்வதுண்டு. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கருவில் திறந்திருந்த ஒரு ரத்தக்குழாய் பிறந்த சில நாட்களில் மூடிவிடும். அதையே நம்பியிருக்கும் இதயமென்றால், நலமாக வீடு திரும்பிய சிசு திடீரென நீலம் பாரித்துச் சரிந்துவிடும். கையிலும் காலிலும் பொருத்தும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இவற்றில் பலவற்றை முன்பே காட்டிக்கொடுக்கும்.

2017இல் தொடங்கிய ஹிருத்யத்தின் சிறப்பு இலவச சிகிச்சை மட்டுமன்று. குழந்தையைக் கண்டறிந்து, பதிவுசெய்து, அவசரத்திற்கேற்ப வரிசைப்படுத்தி, மருத்துவமனையில் இடமும் ஒதுக்குகிறது. காப்பீட்டுத் திட்டங்களோ நோயாளி மருத்துவமனை வாசலுக்கு வந்த பிறகே விழித்துக்கொள்கின்றன.

சிக்கல் எல்லைக்கோட்டில் எழுகிறது. தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அது போடியிலோ கம்பத்திலோ இருந்தால், குழந்தை பிறப்பது தமிழகத்தில், வளர்வது கேரளத்தில். அட்டப்பாடி இருளர்களின் உறவுகளும் ஆனைகட்டி சோதனைச் சாவடியைப் பார்த்து அமைந்தவை அல்ல. தேனியில் செய்த சோதனையின் முடிவு, மூணாறு மலைக்குத் தாயின் கைப்பையில் வந்தால்தான் உண்டு என்ற நிலை கூடாது.

பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிய மத்திய அரசு 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் இரு மாநிலங்களுக்கும் பொதுவானது. தேனி-இடுக்கி, கோவை-பாலக்காடு மாவட்ட அதிகாரிகள் பிறப்பு மற்றும் சோதனைப் பட்டியலை வாரந்தோறும் பரிமாறிக்கொள்ள அதன்கீழ் உத்தரவிடலாம். பெரும் நிதியும் வேண்டியதில்லை. மாநிலம் கடந்து செல்லும் காப்பீட்டு அட்டையைப் பெருமையாகப் பேசும் தில்லி, அந்த அட்டையைக் காட்டும் வயதுவரை சிசு பிழைத்திருக்கவும் வழி செய்ய வேண்டும். மலைப்பாதையில் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் மணி நேரங்களைக் குறைப்பது கடினம். அதற்கு முன் கோப்புகளுக்கிடையே வீணாகும் நாட்களைக் குறைக்க முடியும்.