16 ஆண்டுகள் தூங்கிய புற்றுநோய்!

1982-ம் ஆண்டு. ஸ்காட்லாந்து நாட்டில் ஒருவருக்குத் தோலில் புற்றுநோய் கண்டது. 'மெலனோமா' என்று அதற்குப் பெயர். பார்ப்பதற்கு மச்சம் போல இருக்கும். கவனிக்காமல் விட்டால் ஆளையே கொன்றுவிடும்.

டாக்டர்கள் கட்டியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவரைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயின் சுவடே இல்லை. "குணமாகிவிட்டது" என்று முடிவு கட்டினார்கள்.

16 ஆண்டுகள் சென்றன. 1998-ல் அவர் இறந்தார். புற்றுநோயால் அல்ல. மூளையில் ரத்தம் கசிந்ததால் என்று கருதப்பட்டது. அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. அவற்றை எடுத்து, சிறுநீரகம் பழுதுபட்ட இரண்டு நோயாளிகளுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பொருத்தினார்கள்.

சுமார் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அந்த இரண்டு பேருக்கும் மெலனோமா வந்தது! ஒருவர் உயிர் பிழைக்கவில்லை.

2003-ம் ஆண்டில் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் இந்தச் செய்தியை வெளியிட்டார்கள். படித்தவர்கள் திகைத்தார்கள். 16 ஆண்டுகளாக அந்தப் புற்றுநோய் எங்கே இருந்தது?

சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தது. சாகவில்லை, வளரவும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தது.

அதைத் தூங்க வைத்தது யார்? இறந்தவருடைய நோய் எதிர்ப்புச் சக்தி. அதை எழுப்பியது எது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள், உடல் அதை 'அந்நியப் பொருள்' என்று தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிட வேண்டும். அந்த இருவரும் சாப்பிட்டார்கள். காவல்காரன் கண் அயர்ந்தான். கள்ளன் விழித்துக்கொண்டான்.

உயிரைக் குடிப்பது எது?

புற்றுநோயால் இறக்கிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தோன்றிய கட்டியால் இறப்பதில்லை. அது வேறு இடங்களுக்குப் பரவுவதால்தான் இறக்கிறார்கள். மார்பில் தோன்றிய கட்டியை வெட்டி எடுத்துவிடலாம். அதுவே நுரையீரல், ஈரல், எலும்பு, மூளை என்று குடியேறிவிட்டால், எத்தனை இடத்தில் கத்தி வைப்பது?

நம் உடல் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி செல்களால் ஆனது. அளவுக்கு மீறிப் பெருகும் செல்தான் புற்றுநோய்ச் செல். கட்டியிலிருந்து அது பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தோடு ஊர்வலம் போகிறது. போகிற இடத்தில் தங்கி வளர்கிறது. இதுதான் பரவுதல்.

சொல்வது சுலபம். புற்றுநோய்ச் செல்லுக்கு அது சுலபமான பயணம் அல்ல.

1970-ல் அமெரிக்காவில் ஐசையா ஃபிட்லர் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். மெலனோமா செல்களில் கதிரியக்க அடையாளம் இட்டு, எலிகளின் ரத்தத்தில் செலுத்தினார். ஒரு நாள் கழித்து எண்ணிப் பார்த்தார். ஆயிரத்தில் ஒன்று கூட உயிரோடு இல்லை! புதிய கட்டியாக வளர்ந்தவை அதையும்விடக் குறைவு.

ரத்த ஓட்டத்தின் வேகமே பல செல்களை நசுக்கிவிடுகிறது. மிச்சம் இருப்பவற்றைக் காவல் அணுக்கள் தீர்த்துக் கட்டுகின்றன. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. ஒரு வகைக்கு 'இயற்கைக் கொலையாளி' என்றே பெயர். முன்பின் அறிமுகம் இல்லாத புற்றுநோய்ச் செல்லையும் கண்ட இடத்தில் கொல்லும். 'டி' அணுக்கள் இன்னொரு வகை. இவை துப்பறியும் போலீஸ் மாதிரி. எதிரியின் அங்க அடையாளத்தைத் தெரிந்துகொண்டு தேடிப் பிடித்து அழிக்கும்.

இப்படிப்பட்ட காவல் இருந்தும் புற்றுநோய் பரவுகிறதே, எப்படி?

வேலியே பயிரை மேய்ந்தால்...

காவல் படையில் ஒரு பகுதியைப் புற்றுநோய் கைக்குள் போட்டுக்கொள்கிறது. அதுதான் காரணம்.

கிருமிகளையும் குப்பைகளையும் விழுங்கித் தீர்க்கும் வெள்ளை அணுக்கள் உண்டு. காயம் பட்ட இடத்தை ஆற்றுவதும் இவற்றின் வேலை. புதிய ரத்தக் குழாய் வளரச் செய்யும். செல்கள் பெருகுவதற்கு வேண்டிய சத்துப் பொருள்களைச் சுரக்கும். புற்றுநோய்க் கட்டி, தன்னை ஓர் ஆறாத காயம் போலக் காட்டிக்கொள்கிறது. "இங்கே காயம், வாருங்கள்" என்று குரல் கொடுக்கிறது. விழுங்கும் அணுக்கள் ஓடி வருகின்றன. வந்தவை கட்டியைத் தின்னவில்லை. அதற்குச் சோறு போடுகின்றன!

நியூயார்க் நகரில் ஜெஃப்ரி போலார்டு என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதை எலிகளிடம் சோதித்தார்கள். கட்டிக்குள் விழுங்கும் அணுக்கள் வந்து சேராதபடி பிறந்த எலிகள் சில. சாதாரண எலிகள் சில. இரு வகைக்கும் மார்பில் புற்றுநோய் வந்தது. இரு வகையிலும் கட்டி வளர்ந்தது. ஆனால் விழுங்கும் அணுக்கள் வராத எலிகளில் நோய் நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2001-ல் இந்த முடிவு வெளியாயிற்று. கட்டி வளர்வது ஒன்று, கட்டி பரவுவது வேறு என்பதும், பரவுவதற்கு உள் ஆள் உதவி தேவை என்பதும் அப்போது விளங்கியது.

அதே நகரத்தில் டேவிட் லைடன் என்பவரின் குழு 2005-ல் கண்டது இன்னும் விந்தையானது. எலிகளின் எலும்பு மச்சையிலிருந்து சில அணுக்கள் புறப்பட்டு நுரையீரலுக்குப் போகின்றன. அங்கே இடத்தைச் சீர்ப்படுத்துகின்றன. அதற்குப் பிறகுதான் புற்றுநோய்ச் செல்கள் அங்கு வந்து இறங்குகின்றன. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே பந்தல் போட்டுப் பாய் விரித்து வைப்பதில்லையா? அது போலத்தான்.

இங்கிலாந்தில் ஸ்டீபன் பாஜெட் என்ற டாக்டர் 1889-லேயே இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று ஊகித்தார். மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை அவர் புரட்டிப் பார்த்தார். நோய் கண்ட இடத்தில் எல்லாம் பரவவில்லை. ஈரலைத் தேடிப் போன அளவுக்கு மண்ணீரலுக்குப் போகவில்லை. விதை எங்கும் விழலாம், ஆனால் பக்குவமான மண்ணில்தான் முளைக்கும் என்றார். அந்த மண்ணைப் பக்குவம் செய்வதில் உடலின் சொந்த அணுக்களுக்கும் பங்கு உண்டு என்று தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சிகரெட்டும் காய்ச்சலும்

தூங்கும் புற்றுநோய்க்குத் திரும்புவோம். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் அது விழிக்கும் என்பதை ஸ்காட்லாந்து சம்பவம் காட்டியது. எதிர்ப்புச் சக்தி வரம்பு மீறிக் கொதித்தாலும் அது விழிக்கும்!

அமெரிக்காவில் மிகாலா எக்பிளாடு என்ற பெண் விஞ்ஞானியின் குழு, நுரையீரலில் புற்றுநோய்ச் செல்கள் தூங்கிக்கொண்டிருந்த எலிகளைச் சிகரெட் புகையில் இருக்க வைத்தது. புகை பட்டதும் நுரையீரல் அழன்றது. கிருமி வந்துவிட்டது என்று எண்ணி ஒரு வகை வெள்ளை அணுக்கள் ஓடி வந்தன. இவற்றிடம் ஒரு விசித்திர ஆயுதம் உண்டு. தம் உள்ளிருக்கும் நூல் போன்ற பொருளை வெளியே வீசி, மீன் பிடிப்பது போல வலை போடும். வலையோடு சில நொதிகளும் வரும். அந்த நொதிகள் பக்கத்தில் இருந்த ஒரு புரதத்தை அறுத்தன. அறுபட்ட புரதம் தூங்கிய செல்லைத் தட்டி எழுப்பியது. 2018-ல் வெளியான ஆராய்ச்சி இது. மருந்தால் குணம் பெற்ற பிறகு, "இனி என்ன?" என்று மறுபடியும் பற்ற வைக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய சேதி.

2025 ஜூலையில் வந்த ஆராய்ச்சி இதற்கு அடுத்த படி. கொலராடோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் டிகிரிகோரியும் மற்றவர்களும் எலிகளுக்கு இன்புளுயன்சா காய்ச்சலையும் கொரோனாவையும் வரவழைத்தார்கள். நுரையீரலில் தூங்கிய மார்புப் புற்றுநோய்ச் செல்கள் சில நாட்களிலேயே விழித்துப் பெருகின. காய்ச்சலின்போது உடல் சுரக்கும் ஒரு பொருளே அதற்குக் காரணம். பிறகு அவர்கள் பிரிட்டனில் உள்ள மனிதர்களின் மருத்துவக் குறிப்புகளையும் அலசினார்கள். முன்பு புற்றுநோய் வந்து தேறியவர்களில், கொரோனா கண்டவர்கள் புற்றுநோயால் இறப்பது மற்றவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்காக இருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் நடுங்க வேண்டாம். காய்ச்சல் வந்த எல்லோருக்கும் புற்றுநோய் திரும்பும் என்று அர்த்தம் அல்ல. எலிகளிடம் நடந்தது அப்படியே மனிதர்களிடம் நடக்கும் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் புற்றுநோயிலிருந்து தேறியவர் வீட்டில் இருந்தால், இருமிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காராமல் இருப்பது நல்லது. தடுப்பூசி போடலாமா என்று அவருடைய டாக்டரைக் கேட்பதும் நல்லது.

பொடியும் லேகியமும்

'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்று எத்தனையோ பொடியும், மாத்திரையும், லேகியமும் விற்கப்படுகின்றன. புற்றுநோய் வந்த வீட்டில் இவற்றுக்குக் கணக்கில்லாமல் பணம் செலவாகிறது. பாவம், கலங்கி நிற்கிறவர்கள் யார் எதைச் சொன்னாலும் வாங்குவார்கள்!

எதிர்ப்புச் சக்தி ஒரே சரக்கு அல்ல, அண்டாவில் தண்ணீர் போல ஊற்றிப் பெருக்குவதற்கு. அதில் கொல்லும் அணு உண்டு; கள்ளனுக்கு உதவும் அணுவும் உண்டு. எந்தப் பொடி எந்த அணுவைப் பெருக்கும்? விற்கிறவருக்கே தெரியாது. புற்றுநோய் பரவுவதை இப்படி ஒரு பொடி தடுத்தது என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

மலையில் கிடைத்த நோபல் பரிசு

கொல்லும் அணுக்கள் ஏன் சும்மா இருக்கின்றன? அவற்றுக்குக் கடிவாளம் இருப்பதால்தான். கடிவாளம் இல்லாவிட்டால் அவை சொந்த உடலையே தாக்கும்.

1940-களில் அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் சில ஆண் எலிக்குஞ்சுகள் தோல் உரிந்து, செதில் செதிலாகப் பிறந்தன. சில வாரங்களிலேயே செத்துப்போயின. சொந்தக் காவல் படையே அவற்றைத் தாக்கிக் கொன்றது என்று பின்னால் தெரிந்தது. படையை அடக்கும் தனி வகை 'டி' அணுக்கள் உண்டு என்று ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995-ல் காட்டினார். அந்த எலிகளிடம் கெட்டுப்போயிருந்த மரபணு எது என்று மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் என்ற அமெரிக்கர்கள் 2001-ல் கண்டுபிடித்தார்கள். அடக்கும் அணுக்களை உண்டாக்குவதே அந்த மரபணுதான் என்பது அடுத்துத் தெரிந்தது.

மூவருக்கும் 2025-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அறிவித்தபோது ராம்ஸ்டெல் மனைவியோடு மலைப்பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தார். டெலிபோனை அணைத்து வைத்திருந்தார். திடீரென்று மனைவி கூச்சல் போட்டார். கரடிதான் வந்துவிட்டது என்று ராம்ஸ்டெல் பயந்தார். வந்தது பரிசுச் செய்தி!

புற்றுநோய்க்கும் இந்தப் பரிசுக்கும் என்ன சம்பந்தம்? அடக்கும் அணுக்களைக் கட்டி தன்னைச் சுற்றித் திரட்டி வைத்துக்கொள்கிறது. கொல்ல வரும் அணுக்களை அவை மடக்கிவிடுகின்றன. கட்டிக்குள் இருக்கும் அடக்கும் அணுக்களை மட்டும் ஒழிக்க முடியுமா என்று பல இடங்களில் மருந்துகள் சோதிக்கப்படுகின்றன.

கடிவாளத்தை வேறு வழியில் தளர்த்தும் மருந்துகள் ஏற்கெனவே வந்துவிட்டன. அதற்கு அடிப்படை கண்ட ஜேம்ஸ் அல்லிசனும் தசுக்கு ஹோஞ்ஜோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2015 ஆகஸ்டில், தமக்கு மெலனோமா ஈரலிலும் மூளையிலும் இருப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 90. ஈரலில் ஆபரேஷன், மூளைக்குக் கதிர்வீச்சு, அதோடு இந்தப் புதிய மருந்து. அதே டிசம்பரில் மூளையில் நோய் தென்படவில்லை என்று சொன்னார்கள். அவர் 100 வயது வரை வாழ்ந்து 2024 டிசம்பரில் காலமானார்.

இது ஒருவர் கதை மட்டும் அல்ல. பரவிய மெலனோமா வந்தால் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்த காலம் ஒன்று இருந்தது. இந்த வகை மருந்துகள் இரண்டைச் சேர்த்துப் பெற்றவர்களில் 100-க்கு 43 பேர், 10 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. எல்லோருக்கும், எல்லாப் புற்றுநோய்க்கும் இது பலிப்பதில்லை. கடிவாளம் தளர்ந்த அணுக்கள் சிலருக்குக் குடலையும் நுரையீரலையும் தாக்குகின்றன. உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, விலை. சாதாரணக் குடும்பம் வீட்டை விற்றாலும் கட்டுப்படி ஆகாது.

பம்பாயில் ஒரு கணக்கு

பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள் இந்த விலையைத்தான் யோசித்தார்கள். வாய், தொண்டை முதலிய இடங்களில் புற்றுநோய் முற்றிவிட்டவர்கள் 151 பேர். குறைந்த செலவில் கொடுக்கும் மாத்திரைகளை எல்லோரும் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் 'நிவோலுமாப்' என்ற கடிவாள மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

முடிவு 2022-ல் வெளியாயிற்று. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 16 பேர். நிவோலுமாபும் பெற்றவர்களில் 43 பேர்.

இந்த மருந்தின் வழக்கமான அளவு, ஒரு தடவைக்கு 240 மில்லிகிராம். பம்பாயில் அவர்களுக்குக் கொடுத்தது, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, வெறும் 20 மில்லிகிராம்.