எல்லாம் கொக்கு இல்லை

கடற்கரைச் சேற்றில் நிற்பது என்ன பறவை என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரிந்த விடை ஒன்றுதான்: கொக்கு. அதைவிடச் சிறியதாக இருந்தால் 'ஏதோ குருவி'. தமிழில் பெயர் இல்லாததாலா இப்படிச் சொல்கிறோம்? இல்லை, நாம் உற்றுப் பார்க்காததால்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை கோல சிலாங்கூர், காப்பார் கரைகளிலும் சிங்கப்பூரின் சுங்கை பூலோவிலும் சிறு வலசைப் பறவைகள் இரை தேடுகின்றன. சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை பல. இங்கிருக்கும் காலத்தில் பெரும்பாலானவை சாம்பலும் பழுப்புமாகவே தெரியும். எனவே நிறத்தை நம்பாதீர்கள், நடையைப் பாருங்கள். சற்று ஓடி, சட்டென நின்று, ஒரு கொத்துக் கொத்தினால் அது உப்புக்கொத்தி. குட்டை அலகும் பெரிய கண்களும் உடைய அது, கண்ணால் இரை தேடும். தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே நகர்ந்தால் பெரும்பாலும் உள்ளான். அது அலகின் நுனியால் இரையை உணரும்.

இவை தமிழகத்தில் வழங்கும் பெயர்கள். அங்கே மிகச் சிறிய உள்ளானுக்குக் 'கொசு உள்ளான்' என்று பெயர். எவ்வளவு பொருத்தம்! ஆனால், கோடிக்கரைக்குக் கூட்டமாக வரும் அப்பறவை நம் கரையில் அரிது. இங்கு வருவது ஆஸ்திரேலியா வரை செல்லும் அதன் உறவினம். கால்கள் கறுப்பு, இனப்பெருக்கக் காலத்தில் முகமும் கழுத்தும் சிவக்கும். மஞ்சள் நிறக் கால்களும் நீண்ட விரல்களும் உடைய இன்னோர் இனமும் இங்கு உண்டு.

தமிழகப் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்தால் ஒன்றின் பெயரை மற்றொன்றுக்குச் சூட்டிவிடுவோம். முன்னதைச் 'செங்கழுத்துக் கொசு உள்ளான்' என்றும் பின்னதை 'நீள்விரல் கொசு உள்ளான்' என்றும் நாம் அழைத்தால் என்ன? மலாய்க்காரர்கள் உள்ளானைக் கெடிடி என்றும் உப்புக்கொத்தியை ராப்பாங் என்றும் அழைக்கிறார்கள். இந்த மண்ணில் தலைமுறைகளாக வாழும் நம் தமிழும் இந்த மண்ணின் உயிர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டாமா?

இதனால் தேர்வில் மதிப்பெண் கூடுமா என்று சிலர் கேட்கலாம். கூடாது. ஆனால், பெயர் தெரியாத ஒன்று காணாமல் போனால் யாரும் தேடமாட்டார்கள். இப்பறவைகள் வழியில் தங்கும் தென்கொரியாவின் சேமாங்கம் சேற்றுநிலம் 2006-இல் 33 கிலோமீட்டர் கடற்சுவரால் அடைக்கப்பட்டது. நம் கரைகளும் நிரப்பப்பட்டு வருகின்றன.

பட்டிமன்றமும் கவியரங்கமும் நடக்கட்டும். அவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை, கடல்நீர் ஏறிப் பறவைகள் கரையோரம் ஒதுங்கும் வேளையில், ஒரு தொலைநோக்கியோடு கழகம் கரைக்குச் செல்லட்டும். தமிழ் மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. சேற்றிலும் கொஞ்சம் கால் வைக்க வேண்டும்.