பருப்புப் பாக்கெட்டுக்குப் பத்துக் கோடிப் புள்ளியா?



சொந்தப் பெயரில் பாக்கெட் போடும் வியாபாரிகள் நம்மில் பெருகிவிட்டோம். பாக்கெட் என்றால் படம் வேண்டும். படத்துக்கு 'மீடியம் பார்மட்' டிஜிட்டல் கேமராவே வாங்கிவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பட்டினப்பாக்கத்தில் என் வீட்டிலும் அதே பேச்சுத்தான். லென்சும் சேர்த்தால் பல லட்ச ரூபாய் முதல் முடங்கும்.

அந்தக் காலத்து ஸ்டுடியோவில் 120 பிலிம் போட்டு, சுருளுக்கு 12 சதுரப் படம் எடுத்தார்களே, அந்த வழியில் வந்தது இது. 2017-ல் வந்த பியூஜி ஜி.எப்.எக்ஸ். 50எஸ் கேமராவில் சென்சார் ஏறத்தாழ 44க்கு 33 மில்லிமீட்டர். புள்ளிகள் 5 கோடிக்கு மேல். 2019-ல் வந்த ஜி.எப்.எக்ஸ். 100-ல் 10 கோடி.

நமக்கு எவ்வளவு வேண்டும்? நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி. பாக்கெட் முகப்பு 6க்கு 8 அங்குலம் என்றால் 1,800 பெருக்கல் 2,400, அதாவது 43 லட்சத்து 20 ஆயிரம். 12க்கு 18 அங்குலக் காலண்டருக்குக்கூட 2 கோடி எட்டாது. ஜரிகை இழை தெரிய வேண்டிய தி.நகர் ஜவுளிக்காரர் வாங்கட்டும். மளிகைக்காரருக்கு ஒரு நாள் வாடகைக் கேமரா போதும் என்பது என் கருத்து. கடற்காற்றில் அப்பளமே நமத்துப்போகும் நம் பக்கத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும்; அதைக் காக்கும் வேலையும் மிச்சம்.

புள்ளியைவிட நிறம்தான் முக்கியம். முன்பு எங்கள் துவரம்பருப்புப் படம் மஞ்சளாக மின்னியது. உள்ளே சரக்கு அசல் நிறம். "அண்ணாச்சி, படத்தில் இருக்கிற பருப்பு எங்கே?" என்று கேட்டு ஒரு கடைக்காரர் 40 பாக்கெட்டைத் திருப்பி அனுப்பினார். அவர் மீது குற்றமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, 53-ம் பிரிவுப்படி, தரத்தைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. லேபிளும் அந்தச் சட்டத்தில் விளம்பரம்தான்.

ஆகவே எந்தக் கேமராவானாலும், முதல் படத்தில் சரக்கின் பக்கத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வையுங்கள். நிறத்தைச் சரி செய்ய அதுவே அளவுகோல். பெரிய சென்சாரில் முன்னால் உள்ள பருப்பு தெளிவாகவும் பின்னால் உள்ளது மங்கலாகவும் விழும். ஸ்டாண்டில் நிறுத்தி, லென்ஸ் துவாரத்தை எப் 11 அளவுக்குச் சுருக்கி எடுக்கச் சொல்லுங்கள். அச்சுக்கு அனுப்புமுன், சோதனைப் பிரதியின் மேல் ஒரு கைப்பிடிப் பருப்பைக் கொட்டி, பகல் வெளிச்சத்தில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த முறை நான் அப்படித்தான் பார்த்தேன். இரண்டு தடவை திருத்தச் சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டேன்.