நாயின் மூக்கும் நமது பிடிவாதமும்

நாய்கள் புற்றுநோயை மோப்பம் பிடித்துக் கண்டறிகின்றன என்ற செய்தி வெளிவரும் ஒவ்வொரு முறையும் நம்மிடையே இரு குரல்கள் எழுகின்றன. "இது மேற்கத்தியரின் சூழ்ச்சி, நாயை நம் வீட்டுக்குள் நுழைப்பதற்கான பிரச்சாரம்" என்கின்றனர் ஒரு சாரார். "பார்த்தீர்களா, நீங்கள் அசுத்தம் என்று விலக்கிய பிராணி உயிரைக் காக்கிறது" என்று ஏளனம் பேசுகின்றனர் மறு சாரார். இரு சாராரும் செய்தியின் தலைப்பைத் தாண்டிப் படித்தவர்களாகத் தெரியவில்லை. எனினும் எனது வழக்கு பெரும்பாலும் முதல் சாராரோடுதான். அவர்கள் நம்மவர்கள்; மார்க்கத்தின் பெயரால் பேசுகிறவர்கள்.

செய்தி எங்கிருந்து தொடங்கியது என்பதைப் பார்ப்போம். 1989ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த வில்லியம்ஸ், பெம்புரோக் என்ற இரு மருத்துவர்கள் 'லான்செட்' இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினர. ஒரு பெண்ணின் காலில் இருந்த குறிப்பிட்ட மச்சத்தை மட்டும் அவருடைய நாய் விடாமல் முகர்ந்துகொண்டிருந்தது. மற்ற மச்சங்களை அது பொருட்படுத்தவில்லை. உடுத்திய துணிக்கு மேலாகவும் அதே இடத்தை முகர்ந்தது. ஒருநாள் அந்த மச்சத்தைக் கடித்தெடுக்கவே முயன்றது. அதன் பிறகுதான் அவர் மருத்துவரிடம் சென்றார். அகற்றிச் சோதித்தபோது அது மெலனோமா எனும் கொடிய தோல் புற்றுநோய் எனத் தெரிந்தது.

ஒரு நாய், ஒரு பெண், ஒரு மச்சம். இதை வைத்து அந்த மருத்துவர்கள் முடிவு எதையும் அறிவித்துவிடவில்லை; ஒரு கேள்வியை எழுப்பினர். அதற்கு முறையான சோதனை வழியாக விடை தேட 15 ஆண்டுகள் ஆயின. 2004இல் இங்கிலாந்தின் அமர்ஷாம் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆறு நாய்களுக்குப் பயிற்சியளித்து, ஏழு சிறுநீர் மாதிரிகளை வரிசையாக வைத்தனர். ஏழில் ஒன்று மட்டுமே சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளியுடையது. 54 முறை நடந்த சோதனையில் நாய்கள் 22 முறை சரியான மாதிரியின் அருகே படுத்தன. அதாவது 41 விழுக்காடு. குருட்டுவாக்கில் தேர்ந்தெடுத்தால் 14 விழுக்காடுதான் கிடைத்திருக்கும். எனவே நாய்கள் எதையோ உணர்கின்றன என்பது உறுதியாயிற்று. பாதிக்கு மேல் தவறவும் செய்கின்றன என்பதும் அதே தாளில்தான் அச்சாகியிருந்தது. பிரச்சாரம் செய்கிறவன் தன் தோல்வியைத் தானே எண்ணிக் காட்டுவதில்லை. சூழ்ச்சி என்போர் இதைச் சிந்திக்கட்டும்.

அந்த ஆய்வின் பயிற்சிக் காலத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. நோயற்றவர் என்று பரிசோதித்துச் சேர்க்கப்பட்ட ஒருவருடைய மாதிரியையே நாய்கள் எல்லாம் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டின. நாய்கள் தவறுகின்றன என்று தள்ளிவிடாமல் மருத்துவர்கள் அவரை மீண்டும் சோதித்தனர். அவருடைய சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது.

நோய்க்கு வாடை உண்டு என்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த புதுமையுமன்று. இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலில் சிறுநீரின் நிறத்தோடும் தெளிவோடும் அதன் வாடையையும் நோயறியும் குறிகளுள் ஒன்றாக வைத்தார். சர்க்கரை நோய் முற்றிய நிலையில் மூச்சில் பழவாடை வீசுவதை இன்றைய மருத்துவ மாணவரும் கற்கிறார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜாய் மில்ன் என்ற பெண்மணி, பார்க்கின்சன் நோய் கண்டவர்களின் மேனி வாடை மாறுவதைத் தம் மூக்கினாலேயே உணர்ந்தார். எடின்பரோவில் 12 பேர் அணிந்த சட்டைகளைக் கொடுத்துச் சோதித்தபோது நோயாளிகள் அறுவரையும் சரியாகச் சொன்னதோடு, நோயில்லாதவர் எனக் கருதப்பட்ட ஒருவரையும் சேர்த்துச் சொன்னார். சில மாதங்கள் கழித்து அந்த ஏழாமவருக்கும் அதே நோய் உறுதியாயிற்று. இங்கே நாயே இல்லை. இதை எந்தச் சூழ்ச்சியில் சேர்ப்பது?

இனி மார்க்கத்துக்கு வருவோம். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழுமுறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒருமுறை மண்ணால் கழுவ வேண்டும் என்ற நபிமொழியை ஏற்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் எச்சில் நஜீஸ். உடலைப் பற்றிய முடிவு வேறு. மாலிகி மத்ஹபினர் நாயைத் தூய்மையான பிராணியாகவே கருதி, பாத்திரத்தைக் கழுவுவதைக் கட்டளைக்குக் கீழ்ப்படியும் வணக்கமாகக் கொள்கின்றனர். இந்த விவாதம் முழுவதும் தூய்மையைப் பற்றியது. ஒரு பிராணிக்கு எதை உணரும் ஆற்றல் உண்டு, எது இல்லை என்று தூய்மைச் சட்டம் எங்கே தீர்ப்புச் சொன்னது? நஜீஸ் என்பதால் அதன் மூக்கு பொய் சொல்லும் என்று எந்த இமாம் எழுதினார்?

அல்லாஹ் தன் திருமறையில் இதற்கு நேர்மாறான ஒன்றையன்றோ காட்டுகிறான்! அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம், பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் நமக்காகப் பிடித்துத் தரும் இரையை ஆகுமாக்குகிறது. அந்தப் பயிற்சியையும் அல்லாஹ் மனிதனுக்குக் கற்றுத் தந்த அறிவின் ஒரு பகுதியாகவே அவ்வசனம் குறிப்பிடுகிறது. எந்த நாயைப் பயிற்றுவிக்கப்பட்டது என்று ஏற்பது என நம் சட்ட அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்தனர். ஏவினால் பாய வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்த இரையைத் தின்னக் கூடாது. இது ஒருமுறை நிகழ்ந்தால் போதாது, நம்பிக்கை ஏற்படும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நிகழ வேண்டும் என்று ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. ஆய்வுக்கூடத்து நாயிடம் எதிர்பார்க்கப்படுவதும் ஏறத்தாழ இதுவே. நாயின் மோப்பத்தையும் பயிற்சியையும் நம்பி ஹலாலான உணவைத் தீர்மானித்த சமுதாயம், அதே மூக்கு நோயை உணர்கிறது என்றவுடன் காதைப் பொத்திக்கொள்வது விந்தை.

"ஆனால் நாய் நம்மை நக்குமே, தொழுகை என்னாவது?" என்பது அடுத்த கேள்வி. சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இக்கேள்வி எழாது. பெரும்பான்மை மக்கள் முஸ்லிம்களாக உள்ள காம்பியா நாட்டில் மலேரியாவுக்காக நடந்த ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் ஓர் இரவு நைலான் காலுறை அணிந்து உறங்கினர். மொத்தம் 175 குழந்தைகளின் காலுறைகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன; அங்கேதான் நாய்கள் முகர்ந்தன. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் இடையே ஒரு கடலே இருந்தது. 2020இல் துபாய் விமான நிலையத்தில் கொரோனாவைக் கண்டறியக் காவல்துறை நாய்களைப் பயன்படுத்தியபோதும், பயணியின் அக்குளில் ஒற்றியெடுத்த வியர்வை மாதிரியைத்தான் அவை முகர்ந்தன, பயணியை நெருங்கவில்லை. நம் நாட்டு இராணுவமும் 2021இல் இதே பணிக்கு நாய்களைப் பழக்கிக் காட்டியது. அவற்றுள் நம் தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறை இனமும் இருந்தது. இந்த முறையில் நாயின் ஈரம் நம் உடலிலோ உடையிலோ படுவதேயில்லை. மாதிரி வைத்த குப்பியை நாய் நக்கிவிட்டாலும், அந்தக் குப்பியில் நாம் உளூச் செய்யப் போவதில்லை.

மறு சாராருக்கும் சிறிது சொல்ல வேண்டும். நாயின் மூக்கு இன்னும் மருத்துவமனையின் வழக்கமான சோதனையாகவில்லை. 2014இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், புரோஸ்டேட் புற்றுநோய்க்குப் பயிற்சி பெற்ற நாய்கள் பழகிய மாதிரிகளில் நன்றாகத் தேறின. புதிய மாதிரிகளைக் கொடுத்தவுடன் தடுமாறின. நோயின் வாடையைக் கற்பதற்குப் பதிலாக ஒவ்வொரு மாதிரியின் வாடையையும் அவை மனனம் செய்திருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் எழுதினர். பொருள் விளங்காமல் மனனம் செய்வது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பழக்கமன்று போலும்! காம்பியா ஆய்வில் நோயுற்ற குழந்தைகளுள் சுமார் 70 விழுக்காட்டினரையும், நோயற்ற குழந்தைகளுள் 90 விழுக்காட்டினரையும் நாய்கள் சரியாக இனங்கண்டன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆயிரம் பேர் கொண்ட ஊரில் ஐந்து பேருக்கு மட்டுமே ஒரு நோய் இருப்பதாகக் கொண்டு, இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐவரில் மூவரோ நால்வரோ அகப்படுவர். நோயே இல்லாத சுமார் நூறு பேர் அஞ்சி நடுங்குவர். ஆகவே வீட்டு நாய் முகரவில்லை என்று நிம்மதி அடைவதும், முகர்ந்துவிட்டது என்று மரண சாசனம் எழுதுவதும் அறிவீனம். நாய் எந்த மூலக்கூறை உணர்கிறது என்று அறிந்து அதைக் கருவியால் அளக்க முயல்கிறார்கள். அது கைகூடினால் நாய் தேவைப்படாது. நம் சர்ச்சைக்கும் வேலை இருக்காது.

இத்தனை சொல்வதற்குக் காரணம் நாயன்று. "இதெல்லாம் பொய், சூழ்ச்சி" என்று ஒரு மருத்துவச் செய்தியை மார்க்கத்தின் குரலில் தள்ளும்போது, கேட்பவர் நாயை மட்டும் சந்தேகிப்பதில்லை. மருத்துவமனையையும் சேர்த்தே சந்தேகிக்கப் பழகுகிறார். மார்பில் கட்டி தென்பட்டும் வெட்கத்தால் மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் தாய்மார்கள் நம் தெருக்களில் இல்லையா? வெற்றிலையும் புகையிலையும் மென்று, வாயில் ஆறாத புண்ணோடு "சூடு" என்று சொல்லிக்கொண்டு திரியும் பெரியவர்கள் இல்லையா? பெண் மருத்துவர் கிடைக்காத இடத்தில், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிப்பதைக்கூட நம் ஃபிக்ஹ் நூல்கள் அனுமதித்துள்ளன. அந்தச் சலுகையை அப்பெண்களிடம் எடுத்துச் சொல்லும் குரல் எங்கே?

வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் 30 வயதைக் கடந்தோருக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பரிசோதனை செய்கிறார்கள். அதற்கு நாயும் வேண்டியதில்லை, ஏழுமுறை கழுவவும் வேண்டியதில்லை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரை அல்லாஹ் மன்னித்த நிகழ்ச்சியை ரமளானில் உருக்கத்தோடு பயான் செய்யும் ஆலிம் பெருமக்கள், அதே மிம்பரிலிருந்து இதையும் இரண்டு நிமிடம் சொல்லலாம். எந்தக் கிழமையில் பெண் மருத்துவர் வருகிறார் என்பதை ஜமாஅத்தார் விசாரித்து எழுதி வைக்கலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது.